புராஸ்டேட் ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை: முதல் பரிசோதனையிலிருந்து மூன்றாவது மாதம் வரை

வயது ஏற ஏற புராஸ்டேட் சுரப்பி பெரிதாகிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். அந்தச் சுரப்பிக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் நுண்ணிய மணிகளை விட்டு அடைத்தால், ரத்தம் கிடைக்காமல் சுரப்பி மெல்லச் சுருங்கும், நெருக்கமும் தளரும். வயலுக்குப் போகும் வாய்க்காலை மடையிலேயே அடைப்பது மாதிரி. ஆஸ்பத்திரியில் இதைப் புராஸ்டேட் எம்போலைசேஷன் என்றோ பி.ஏ.இ. என்றோ சொல்வார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்களைத் தயார் செய்வதும், வீட்டுக்குப் போனபின் அவர்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. பலர் தடுமாறுவது ஆபரேஷன் மேஜையில் இல்லை. முன்னால் முடித்திருக்க வேண்டிய பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, தேதியை முதலில் வாங்கிவிடுவதில்தான். அதனால் இங்கே வரிசை முக்கியம். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. இரண்டு டாக்டர்களையும் பாருங்கள், யூரோ டாக்டரை முதலில்

இந்தச் சிகிச்சையைச் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர், அதாவது எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவர். ஆனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான பிரிவு. சிறுநீர் தடைப்பட புராஸ்டேட் மட்டும்தான் காரணம் என்றில்லை. சிறுநீர்ப் பாதையில் தழும்புச் சுருக்கம், சிறுநீர்ப்பையில் கல், சர்க்கரையால் தளர்ந்த சிறுநீர்ப்பை, பக்கவாதம், பார்க்கின்சன் எல்லாமே ஒரே மாதிரித் தொல்லை தரும். ரத்தக்குழாயை அடைத்து இவற்றில் எதையும் சரிசெய்ய முடியாது.

எந்தச் சிகிச்சையை எப்படிச் செய்யலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: யாருக்குச் செய்யலாம் என்பதை யூராலஜி டாக்டரும் ரேடியாலஜி டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், செய்பவர் இதில் தனிப்பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு மற்றவரைத் தவிர்க்கும் ஆட்கள் நிறைய. யூரோ டாக்டரிடம் போனால் ஆபரேஷன் என்பார் என்று பயப்படுகிறார்கள். பயந்தாலும் போய்ப் பாருங்கள். அவர் ஆபரேஷன்தான் சரி என்று சொன்னால், அதற்கு என்ன காரணம் என்பதும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

2. தொல்லையை எண்ணில் எழுதி வையுங்கள்

ஐ.பி.எஸ்.எஸ். என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. இப்படியே காலம் தள்ள முடியுமா என்று எட்டாவதாக ஒரு கேள்வியும் இருக்கும். அதை அலட்சியமாக நிரப்பாதீர்கள், டாக்டர் கவனித்துப் பார்ப்பது அதைத்தான்.

கூடவே மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்: நோயாளி எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார், எத்தனை மில்லி, எவ்வளவு தண்ணீர் குடித்தார். அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். ராத்திரி நாலு தடவை எழுகிறார் என்றால் அது புராஸ்டேட்டாலும் இருக்கலாம், ராத்திரியில் மட்டும் சிறுநீர் அதிகம் உற்பத்தியாவதாலும் இருக்கலாம். இரண்டாவதுக்கு இந்தச் சிகிச்சை உதவாது. அதைக் காட்டிக்கொடுப்பது இந்த மூன்று நாள் நோட்டுதான்.

பொதுவாக அப்பாக்கள் மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார்கள். ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்பார்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்புங்கள். ராத்திரி எத்தனை தடவை விளக்கு எரிகிறது என்று அம்மாவுக்குத் தெரியும்.

3. புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இது புற்றுநோய் அல்லாத வீக்கத்துக்கான சிகிச்சை. புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷனில் வெட்டிய சதையை லேபுக்கு அனுப்புவார்கள், ஒளிந்திருக்கும் புற்று சில சமயம் அங்கே தெரியவரும். இதில் சதை எதுவும் வெளியே வராது. ஆகவே சந்தேகத்தை முன்னாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் தொடங்குங்கள். இதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. புராஸ்டேட்டைச் சுருக்கத் தரும் டியூடாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதம் போல் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் உண்மையில் 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டியூடாஸ்டரைடு பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால், அதைச் சாப்பிடுவது பலருக்குத் தெரிவதே இல்லை. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொரு பக்கம், சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலோ, சமீபத்தில் சிறுநீர் வடிய டியூப் போட்டிருந்தாலோ பி.எஸ்.ஏ. வீணாக ஏறிக் காட்டும். அப்போது எடுத்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தொற்று ஆறிச் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். பி.எஸ்.ஏ.யும், மலத்துவாரம் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையும் சந்தேகம் தந்தால் எம்.ஆர்.ஐ., அதிலும் சந்தேகம் என்றால் துளிச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. இதில் எதையும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடக்கூடாது. அடைத்தபின் சுரப்பியின் தோற்றம் மாறிவிடும், பிறகு எம்.ஆர்.ஐ. படிப்பது சிரமம்.

4. சிறுநீர் வேகமும் மிச்சமும்

யூரோஃப்ளோ என்பது புனலுக்குள் சிறுநீர் கழித்தால் வேகத்தை வரைபடமாகக் காட்டும் பரிசோதனை. விநாடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் நல்ல வேகம், 10க்குக் கீழே போனால் தடை இருக்கலாம். கழித்தவுடன் ஸ்கேனில் பையில் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

இந்த எளிய பரிசோதனைதான் அதிகம் சொதப்புகிறது. பெரியவர் காலையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, பை வெடிக்கும் நிலையில் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கூப்பிடும்போது அடக்க முடியாமல் ஏற்கெனவே பாத்ரூம் போய்வந்திருப்பார். அப்புறம் புனலில் 70 மில்லி விழும், வரைபடம் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். 150 மில்லியாவது கழிக்காத யூரோஃப்ளோவை நம்ப முடியாது. அளவுக்கு மீறி நிரம்பிய பையும் சரியாகச் சுருங்காது. ‘இப்போது போக வேண்டும்’ என்று சாதாரணமாகத் தோன்றும்போது உள்ளே போங்கள். முதல் தடவை சரியாக வராவிட்டால் தயங்காமல் இன்னொரு தடவை கேளுங்கள்.

வேகம் குறைவு என்றால் பாதை அடைத்திருக்கலாம், அல்லது பைக்குத் தள்ளும் பலமே இல்லாமலும் இருக்கலாம். சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறவர், பையில் அரை லிட்டருக்கு மேல் தேங்கியவர் போன்றவர்களுக்குப் பையின் பலத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் என்ற பரிசோதனை எழுதுவார்கள். மெல்லிய குழாய்கள் வைத்துச் செய்வதால் அசௌகரியம்தான். பை தளர்ந்திருப்பது தெரியாமல் சிகிச்சை செய்தால், சுரப்பி சுருங்கியும் சிறுநீர் வராமல் போகும். அதற்கு இந்த அசௌகரியம் தேவலை.

5. உங்களுக்கு இது பொருந்துமா என்று நேராகக் கேளுங்கள்

பொருத்தமானவர் பொதுவாக இப்படி இருப்பார்: புராஸ்டேட் 40 சி.சி.க்கு மேல், மாத்திரை போதவில்லை அல்லது ஒத்துக்கொள்ளவில்லை, மயக்க மருந்தோ ரத்தப்போக்கோ தாங்காத உடல்நிலை, அல்லது ஆபரேஷன் வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்தவர். மிகப் பெரிய சுரப்பி இதற்குத் தடை இல்லை, ரத்தக்குழாயும் தடிமனாக இருக்கும் என்பதால் சில சமயம் அதுவே வசதி. சிறிய சுரப்பி, பையில் கல், ஆறாத தொற்று, இடுப்பு ரத்தக்குழாய்களில் கடுமையான சுண்ணாம்புப் படிவு ஆகியவை இருந்தால் வேறு வழி பார்ப்பதே நல்லது.

டி.யு.ஆர்.பி. என்ற சுரண்டி எடுக்கும் ஆபரேஷனோடு ஒப்பிடும்போது உண்மை இதுதான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பன்னிரண்டு வாரத்தில் ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண் அடைப்புச் சிகிச்சையில் சராசரியாக 9 அளவும், ஆபரேஷனில் 11 அளவும் குறைந்தது. ஆனால் சிறுநீர் வேகம் முன்னதில் விநாடிக்கு 5 மில்லிதான் கூடியது, பின்னதில் 15. பக்கவிளைவுகள் அடைப்புச் சிகிச்சையில் குறைவு.

அதாவது தொல்லை குறைவதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குழாய் திறந்த மாதிரி வேகம் வேண்டுமென்றால் ஆபரேஷன்தான். விந்து பின்னோக்கிப் பைக்குள் போகும் பிரச்சினை ஆபரேஷனில் பெரும்பாலோருக்கு வரும், இதில் அது குறைவு. சில வருடம் கழித்து மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு இதில் அதிகம். இந்தக் குறைகளைச் சொல்லாமல் ‘கத்தியின்றி ரத்தமின்றி’ என்று மட்டும் யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

6. சி.டி. ஆஞ்சியோ, அதற்கு முன் சிறுநீரகம்

புராஸ்டேட்டுக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தடிமன்தான். அது எங்கிருந்து கிளைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு வலப்பக்கம் ஒரு மாதிரி, இடப்பக்கம் வேறு மாதிரி. பக்கத்திலேயே பைக்கும் மலக்குடலுக்கும் ஆணுறுப்புக்கும் போகும் கிளைகள் இருக்கின்றன. முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோ என்ற ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்துப் பாதையைப் பார்த்து வைத்தால் மேஜையில் நேரமும் கதிர்வீச்சும் மிச்சம்.

சி.டி.க்கும் பிறகு சிகிச்சைக்கும் சாய மருந்து ஏற்ற வேண்டும், அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். எனவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முதலில். வெறும் எண்ணை மட்டும் பார்த்து ‘1.4தானே’ என்று விடாதீர்கள். 75 வயது ஆணுக்கு 1.4 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், அதாவது ஈ.ஜி.எஃப்.ஆர்., 50 அளவில்தான் இருக்கும். சிறுநீர் தேங்கித் தேங்கியே சிறுநீரகம் வீங்கியிருந்தால், டியூப் போட்டு வடியவிட்டு, கிரியாட்டினின் இறங்கியபிறகுதான் மேற்கொண்டு போவார்கள். சி.டி.யையும் சிகிச்சையையும் அடுத்தடுத்த நாளில் வைக்காமல் இடைவெளி விடச் சொல்லிக் கேளுங்கள். சாய மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

7. மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ‘ஆபரேஷன் என்றால் ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டும்’ என்று தாங்களே ஒரு வாரம் முன்பு நிறுத்திவிட்டு வருகிறார்கள். மிக ஆபத்தானது. புது ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே உலை. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எதுவானாலும் இதய டாக்டரும் ரேடியாலஜி டாக்டரும் பேசி, எதை எத்தனை நாள் முன்பு என்று எழுதித் தர வேண்டும். ஆஸ்பிரினைத் தொடர்ந்தபடியே செய்வதும் உண்டு.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றித் தனியாகக் கேளுங்கள், ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சொல்வார்கள். டாம்சுலோசின் போன்ற புராஸ்டேட் மாத்திரையை நிறுத்தவே வேண்டாம். சிகிச்சைக்குப் பின் வரும் வாரத்தில் அது இன்னும் அதிகம் தேவைப்படும்.

8. காப்பீட்டுக்கு எழுத்தில் அனுமதி

இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் கர்ப்பப்பை ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை இருக்கிறது, புராஸ்டேட்டுக்கான லேசர் இருக்கிறது, புராஸ்டேட் ரத்தக்குழாய் அடைப்பு பெயர் சொல்லி இல்லை. மேஜைக்குப் பக்கத்தில் நின்று வாதாட முடியாது. சிகிச்சையின் முழுப்பெயர், எதற்காக ஆபரேஷன் வேண்டாம் என்ற டாக்டர் கடிதம், யூரோஃப்ளோ, ஸ்கேன் எல்லாவற்றையும் வைத்து முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நுண்மணிகள், அவற்றைக் கொண்டுபோகும் மெல்லிய குழாயான மைக்ரோகதீட்டர் இரண்டும் செலவில் பெரும்பகுதி. அவை எஸ்டிமேட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

9. முந்தைய வாரமும் அன்று காலையும்

சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதாது. டியூப் போட்டிருப்பவர்களிடம் கிருமி இருப்பது சகஜம், எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று கல்ச்சர்தான் சொல்லும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

வீட்டில் ஒத்திகை ஒன்று பாருங்கள்: தலையணை தாழ்வாக வைத்து, மல்லாக்க ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க முடிகிறதா? மூச்சு வாங்குகிறது, இடுப்பு வலி தாங்கவில்லை, கை நடுக்கம் நிற்கவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வலி மருந்து, மயக்க டாக்டர் என்று ஏற்பாடு செய்யலாம். சொல்லாமல் வந்தால் பாதியில் நிறுத்த வேண்டிவரும்.

மணிக்கட்டு வழியாகச் செய்வதாக இருந்தால் பெரும்பாலும் இடது கை. அந்தக் கையில் ஊசி, பி.பி. பட்டை எதுவும் போட விடாதீர்கள். திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அன்று காலை எவ்வளவு என்று முன்தினமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

10. மேஜையில் நடப்பது

மரக்க ஊசி மட்டும்தான், ஆள் விழித்திருப்பார். தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகக் கதீட்டர், அதற்குள் இன்னும் மெல்லிய மைக்ரோகதீட்டர். சாயம் போகும்போது இடுப்புக்குக் கீழே குபுகுபுவென்று சூடு பரவும், சிறுநீர் வந்துவிட்டது போலவே இருக்கும். வந்திருக்காது, பதற வேண்டாம்.

ஒரு கட்டத்தில் பெரிய சி வடிவக் கருவி உடம்பைச் சுற்றி வரும். ‘மூச்சை நிறுத்துங்க, அசையாதீங்க’ என்பார்கள். அந்தச் சில விநாடிகள் அசையாமல் இருப்பதுதான் நோயாளி செய்யக்கூடிய பெரிய உதவி. கதீட்டர் முனையிலிருந்து போகும் ரத்தம் புராஸ்டேட்டுக்கு மட்டும் போகிறதா, பைக்கோ மலக்குடலுக்கோ கிளை பிரிகிறதா என்று அந்தச் சுற்றுப்படத்தில்தான் தெரியும். அது தெளிந்தபிறகே மணிகளை விடுவார்கள். அவை பெரும்பாலும் 300 முதல் 500 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குள். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம்.

இரண்டு பக்கமும் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். வெளியே இருப்பவர்கள் நேரம் கூடினால் கலவரப்படுகிறார்கள். வளைந்து நெளிந்த ரத்தக்குழாய் என்றால் நேரம் ஆகத்தான் செய்யும். முடிந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இரண்டு பக்கமும் அடைபட்டதா? ஒரு பக்கம்தான் முடிந்தது என்றால் பலன் குறைய வாய்ப்பு உண்டு, அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்க வேண்டும்.

11. முதல் வாரம்

தொடை வழி என்றால் அந்தக் காலை நான்கு முதல் ஆறு மணி நேரம் மடக்கக்கூடாது. இருமல், தும்மல் வந்தால் கட்டின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொள்ள வேண்டும். அன்றோ மறுநாளோ வீடு.

அப்புறம் வருவதுதான் குடும்பத்தையே அலைக்கழிக்கும். எரிச்சல், அடிவயிற்றில் பிடிப்பு, லேசான காய்ச்சல், அரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். ‘முன்னைவிட மோசமாகிவிட்டது, சிகிச்சை தோற்றுவிட்டது’ என்று முதல் மூன்று நாளில் வரும் பேச்சு ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் வரும். ரத்தம் நின்ற சுரப்பி முதலில் வீங்கும், பிறகுதான் சுருங்கும். ஒரு வாரத்தில் இது தணியும். சிறுநீரிலோ விந்திலோ மலத்திலோ கொஞ்சம் ரத்தம் தெரிவதும் சில நாளில் நின்றுவிடும்.

எழுதித் தந்த மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுங்கள். இதயமோ சிறுநீரகமோ தண்ணீர்க் கட்டுப்பாடு விதிக்காவிட்டால் இரண்டு லிட்டருக்குமேல் குடிக்கலாம். மலச்சிக்கல் வரவிடாதீர்கள், முக்கினால் வலியும் ரத்தமும் கூடும். ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. ஃபெனிலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் கலந்த மாத்திரைகள் சிறுநீரை அடியோடு நிறுத்திவிடக்கூடும். வீங்கிய சுரப்பியோடு இருக்கும் இந்த வாரத்தில் அது அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடும்.

12. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதவை

குளிர் நடுக்கத்தோடு 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 101 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல். முட்டியும் சிறுநீர் வராமல் அடிவயிறு கல்லாக இறுகுவது. துளை போட்ட இடத்தில் வளரும் வீக்கம் அல்லது நிற்காத ரத்தம். அந்தக் காலோ கையோ சில்லிட்டு வெளுப்பது. ஆணுறுப்பின் முனையில் கறுப்பு அல்லது புண். மலத்தில் தொடர்ந்து ரத்தம். கட்டி கட்டியாக ரத்தச் சிறுநீர்.

ஆணுறுப்பு, மலத்துவார அறிகுறிகளை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மணிகள் பக்கத்துக் கிளைக்குப் போயிருந்தால் தெரியும் அடையாளங்கள் இவைதான். அபூர்வம், ஆனாலும் சீக்கிரம் தெரிவது முக்கியம். மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

13. டியூப் எடுப்பது, மாத்திரை நிறுத்துவது, திரும்ப அளப்பது

ஏற்கெனவே டியூபோடு வந்தவர்களுக்கு மறுநாளே எடுக்க அவசரப்பட வேண்டாம். வீக்கம் வடிய, சுமார் இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். காலையில் எடுப்பது நல்லது, வராவிட்டால் மாலைக்குள் மறுபடி போட ஆள் இருக்கும். முதல் முயற்சியில் வராமல், இன்னும் சில வாரம் கழித்துத் தானாக வந்தவர்கள் உண்டு.

புராஸ்டேட் மாத்திரையைச் சில வாரத்துக்குத் தொடர்ந்து, டாக்டர் சொன்னபின் ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். முன்னேற்றம் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மெல்லத் தெரியத் தொடங்கும், முழுப் பலனுக்கு மூன்று முதல் ஆறு மாதம். பி.எஸ்.ஏ.யை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள். சுரப்பித் திசு சிதைவதால் எகிறிக் காட்டி வீண் பீதி கிளப்பும்.

மூன்றாவது மாதம் அதே ஐ.பி.எஸ்.எஸ்., அதே மூன்று நாள் நோட்டு, யூரோஃப்ளோ, மிச்ச அளவு, பி.எஸ்.ஏ., ஸ்கேனில் சுரப்பியின் அளவு. பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. மதிப்பெண் நன்றாக இறங்கியிருந்தால் ஆறாவது மாதம், பிறகு வருடம் ஒருமுறை. இறங்கவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள்: அடைத்த குழாய்க்குப் பதிலாக வேறு கிளை ரத்தம் கொண்டுவருகிறதா, ஒரு பக்கம் விட்டுப்போனதா, பைக்குத்தான் பலமில்லையா? முதல் இரண்டுக்கும் மறுபடி அடைக்கலாம், அல்லது ஆபரேஷன் செய்யலாம். இந்தச் சிகிச்சை எடுத்தவருக்கு டி.யு.ஆர்.பி.யோ லேசரோ செய்யத் தடை எதுவும் இல்லை.